எங்கள் கடிதத்துக்குத் திருடன் முதலில் பதில் எழுதுகிறான்

பெறுநர்: சமூக ஊடகங்களில் பக்கம் வைத்து வணிகம் செய்யும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களும், அந்த ஊடகங்களை நடத்துபவர்களும்.

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

எனக்கு வயது 67. ஓய்வு பெறும்வரை 31 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தேன். காலையில் தபால் கட்டு வரும். ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்து, மேல் மூலையில் தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுவோம். "தங்கள் கடிதம் கிடைத்தது, விசாரித்து எழுதுகிறோம்" என்று ஓர் ஒப்புகை அட்டையாவது அன்று மாலைத் தபாலில் சேர்ந்துவிட வேண்டும். சேராவிட்டால் மேலாளர் எங்கள் மேசை முன்னால் வந்து நிற்பார். அந்த மேசையில் கற்றதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவின் கணவருக்கு 76 வயது. எதை வாங்கினாலும் பெட்டிக்குள் இருக்கும் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, ரசீதையும் உத்தரவாத அட்டையையும் ஒன்றாகப் பின் குத்தி வைக்கிற மனிதர். போன ஆண்டு கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கினார். நான்கு மாதத்தில் அதன் கைப்பிடி தொட முடியாத அளவுக்குச் சூடாக ஆரம்பித்தது. அட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்தார். வெகுநேரம் இசை ஒலித்துவிட்டு இணைப்பு அறுந்தது. எனவே எந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்கினாரோ, அதன் அடியிலேயே எழுதினார்:

"அன்புடையீர், வணக்கம். தங்கள் நிறுவனத்தின் இஸ்திரிப் பெட்டியை நான்கு மாதங்களுக்கு முன் வாங்கினேன். கைப்பிடி அதிகமாகச் சூடாகிறது. வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஆவன செய்யவும். இப்படிக்கு," என்று எழுதி, தன் முழுப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டார்.

ஆறே நிமிடத்தில் பதில் வந்தது. அதே சின்னம், அதே நிறம். பெயரின் பின்னால் மட்டும் "உதவி மையம்" என்று இரண்டு சொற்கள் கூடுதல். "ஐயா, வணக்கம். தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம்" என்று இருந்தது. அடுத்து அழைப்பு வந்தது. அழைத்தவன் பொறுமையாகப் பேசினான். பணம் அனுப்ப உதவும் என்று சொல்லி ஒரு செயலியை இறக்கச் செய்தான். அது இவருடைய திரையில் நடப்பதையெல்லாம் அவனுக்குக் காட்டும் செயலி என்று இவருக்கு எப்படித் தெரியும்? பேச்சு முடிவதற்குள் வங்கிக் கணக்கில் இருந்த ஓய்வூதியச் சேமிப்பு முழுக்கப் போய்விட்டது.

அசல் நிறுவனத்தின் பதில் ஒன்பதாம் நாள் வந்தது. "எங்கள் குடும்பத்தில் ஒருவராக இருப்பதற்கு நன்றி!" பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். கைப்பிடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது அத்தான் பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "என்னை ஐயா என்று கூப்பிட்டானம்மா. நான் சொன்னதை முழுக்கக் கேட்டான்" என்றார். எனக்குத் தூக்கம் போனது இந்த ஒரு வாக்கியத்தால்தான். மரியாதையோடு பதில் சொல்ல வேண்டிய இடத்தை நீங்கள் காலியாக வைத்திருந்தீர்கள். திருடன் அதில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

எங்கள் வயதுக்காரர்கள் உங்கள் பக்கத்தில் எழுதுவது என்ன என்று தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். இளையவர்களுக்கு அது ஒரு பொதுச் சுவர். போகிற போக்கில் கிறுக்கிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது கடிதம். மறுமுனையில் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார் என்று எண்ணி எழுதுகிறோம். விளித்துத் தொடங்குகிறோம், பெயரிட்டு முடிக்கிறோம், பதில் வர வேண்டுமே என்று எண்ணைக் கொடுக்கிறோம். இதைப் படம் பிடித்துப் போட்டுச் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்க இதில் எதுவும் இல்லை. "எங்களோடு பேசுங்கள்" என்று அந்தப் பக்கத்தில் எழுதி வைத்தது நீங்கள். நாங்கள் அதை நம்பினோம்.

மோசடிக்காரனுக்கு அத்தானின் கடிதம் ஆறு நிமிடத்தில் எப்படிக் கிடைத்தது? பெரிய நிறுவனங்களின் பக்கங்களில் "புகார்", "பணம் திரும்ப" போன்ற சொற்கள் எங்கே விழுகின்றன என்று தேடிக்கொண்டே இருப்பது அவர்கள் தொழில். அந்தத் தேடலை உங்களால் செய்ய முடியாதா? பக்கம் உங்களுடையது, சின்னம் உங்களுடையது, கருவிகளும் ஆட்களும் உங்களிடம்தான் அதிகம். ஒரு திருடன் ஆறு நிமிடத்தில் கண்டுபிடிப்பதை நீங்கள் ஒன்பது நாள் கழித்துக் கண்டுபிடித்தால், தேடவில்லை என்றுதான் பொருள்.

ஊடகங்களை நடத்துபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவர் பொதுவெளியில் தொலைபேசி எண்ணைத் தட்டும்போது, "இதை எல்லோரும் பார்ப்பார்கள், வெளியிடலாமா?" என்று ஒரு கேள்வி வந்து நிற்கட்டும். மனம் வைத்தால் உங்களால் முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. வாட்ஸ்அப் நிறுவனம் 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகம் முழுவதும் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. ஒரு சிறு தடை, அவ்வளவுதான்.

நீலக் குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் நீலக் குறி இருந்தால் அசல், இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள் என்று பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சிரமப்பட்டு மனத்தில் பதித்துக்கொண்டோம். 2022 நவம்பரில் ட்விட்டர் அதைச் சந்தா கட்டுகிற யாருக்கும் தரத் தொடங்கியது. 2023இல் முகநூலை நடத்தும் மெட்டாவும் சந்தாவுக்குக் குறி தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. குறி அதே குறி, பொருள் மாறிவிட்டது. மாறியதை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி யார் சொன்னார்கள்? பாதையில் இருக்கும் அடையாளப் பலகையை மாற்றுகிறவர், பழைய பலகையை நம்பி நடப்பவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இவ்வளவும் சொன்ன பிறகு "வயதானவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள், என்ன செய்வது" என்ற பேச்சு வரும். அமெரிக்காவில் மோசடிப் புகார்களைத் திரட்டும் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. பணத்தை இழந்ததாக அடிக்கடி புகார் தருகிறவர்கள் இளையவர்கள். முதியவர்கள் இழக்கும்போது தொகை பெரிதாக இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பு ஒரே இடத்தில் இருப்பவருக்கு ஒரு தடவை போதும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அதற்குப் பிறகு அக்கா மகன் அத்தானின் கைப்பேசியிலிருந்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டான். அவன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளிக்கால நண்பர்களோடு இருந்த ஒரே குழுவும் அதோடு போய்விட்டது.

அடுத்து, எங்களை நீங்கள் எண்ணும் விதம். முகநூலில் விளம்பரம் கொடுப்பவருக்கு வரும் அறிக்கையில் 18 முதல் 24 ஒரு கட்டம், 25 முதல் 34 ஒரு கட்டம் என்று வயது பிரிந்து போய், கடைசியில் 65க்கு மேல் எல்லாம் ஒரே கட்டமாக முடிகிறது. நேற்று ஓய்வு பெற்றுப் பயணச் சீட்டு தேடுகிறவரும், 92 வயதில் பேத்தியின் படத்தைப் பார்க்க மட்டும் கைப்பேசியைத் திறக்கிறவரும் ஒரே ஆளா? 2030ஆம் ஆண்டில் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ ஆகியிருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டு வலியும் காப்பீடும் என்று உங்கள் விளம்பரங்கள் காட்டிக்கொடுக்கின்றன. நாங்கள் புத்தகம் வாங்குகிறோம், காமிரா வாங்குகிறோம், பேரப் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று நாள் கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறோம். நன்றாக இருந்தால் குடும்பக் குழுவில் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் அதற்கு யாரும் எங்களுக்குப் பணம் தருவதில்லை.

எழுத்தின் அளவைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, வழிகாட்டி ஏற்கெனவே இருக்கிறது. டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும், எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது என்று 2008லேயே எழுதி வைத்துவிட்டது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, உள்ளே போகும் ஒளி குறைகிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் "விளம்பரம்" என்று பொடி எழுத்தில் போட்டால், எங்களில் பலருக்கு அந்தச் சொல் அங்கே இல்லவே இல்லை.

என் கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அவர் பிறந்தநாளன்று ஒரு நிறுவனத்திலிருந்து, தள்ளுபடிக் குறியீட்டோடு, பெயர் சொல்லி ஒரு வாழ்த்து வருகிறது. கடைசி வரியில் "இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்" என்று இருக்கும். பதில் எழுத இடம் இல்லாமல் வருவதை எங்கள் அலுவலகத்தில் மொட்டைக் கடிதம் என்போம். அவர் இல்லை என்று நான் யாரிடம் சொல்வது?

நான் கேட்பது என் பழைய மேசையின் ஒழுங்கைத்தான். எழுதுகிறவருக்கு ஒரு நாளுக்குள் ஒப்புகை. பதிலின் அடியில் ஒரு மனிதரின் பெயர். கேட்ட கேள்விக்கு விடை. உங்கள் சின்னத்தைப் போட்டுக்கொண்டு வேறொருவன் பேசினால், அன்றே அவன் பதிலை நீக்குவது.

அத்தானின் கடிதம் அந்த விளம்பரத்துக்கு அடியில் இன்றும் இருக்கிறது. எண்ணை மட்டும் நான் நீக்க வைத்தேன். அதற்குக் கீழே போலிக் கணக்கின் பதிலும் அப்படியே இருக்கிறது. இரண்டு முறை முறையிட்டும் போகவில்லை. முதலில் அதை எடுங்கள். பிறகு அவருக்கு எழுதுங்கள். அவர் கேட்டது கைப்பிடியைப் பற்றி.

இப்படிக்கு,
31 ஆண்டுகள் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதிய ஒருத்தி