காட்டாத அந்தச் சீட்டு

நம்பிக்கை மைய ஆலோசகர் அக்காவுக்கும், எச்.ஐ.வி. மருந்துக்கான ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை தரும் அண்ணனுக்கும், இலவச சட்ட உதவிக்கு வந்த வக்கீல் அம்மாவுக்கும் வணக்கம்.

2009-இல் நான் மாசமாக இருந்தபோதுதான் எனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அந்த அறைக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு முதல் நன்றி. பலகையில் நோயின் பெயர் இருந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன். பிரசவ வலி எடுத்ததும் எனக்கு ஒரு மாத்திரை, பிறந்த பிள்ளைக்குச் சொட்டு மருந்து. பதினெட்டாம் மாதம் பரிசோதித்து, மகனுக்குத் தொற்று இல்லை என்று சீட்டு கொடுத்தார்கள். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேன்.

2019-இல் எப்படியோ விஷயம் வெளியே கசிந்தது. பையனுக்கு ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் வகுப்பில் உட்காரவைக்க முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சரி, சீட்டுதான் இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாமென்று மையத்துக்குள் நுழைந்தேன்.

“காட்டாதீங்கம்மா. இன்னைக்கு நீங்க காட்டிட்டா, நாளைக்குத் தொற்றோட இருக்கிற பிள்ளை எதைக் காட்டும்?” என்றீர்கள்.

அக்கா, அதுவரை நான் என் பிள்ளையை மட்டும்தான் நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் வக்கீல் அம்மா என்னோடு பள்ளிக்கு வந்தார். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் முந்தைய வருடம் செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. படிக்க வரும் பிள்ளையிடம் இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது, தொற்றே இருந்தாலும் ஒதுக்கக் கூடாது என்று அதில் இருப்பதை நிதானமாக வாசித்துக் காட்டினார். குரலை உயர்த்தவே இல்லை. அன்று மதியம் மகன் வகுப்பில் இருந்தான். அப்புறம் அக்காவும் வக்கீல் அம்மாவுமாக நீங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து, தெரு பார்க்கத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தீர்கள். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு அத்தை எங்களிடம் மறுபடி கறிவேப்பிலை கேட்டு வந்தார்.

மாத்திரை தரும் அண்ணா, கூட்டத்தில் ஒருநாளும் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதில்லை நீங்கள். அதைக் கவனித்திருக்கிறேன்.

மகன் பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது கூட்டி வருகிறேன். அவனுக்காக என் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்கு என் கையெழுத்து தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி