கூடவே நடந்த அக்காவுக்கு

அப்பாவின் கால் கொப்புளங்களுக்கு மருந்து போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கை இன்னும் நடுங்குகிறது. நினைவு மங்கிக்கொண்டிருக்கும் அப்பா, திருவண்ணாமலையில் அந்தப் பௌர்ணமி ராத்திரி காணாமல் போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள், கூட்டத்துக்குள் தேடிய காவலர்கள், அன்னதானப் பந்தல் மைக்கில் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்த தம்பிகள், பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்காமல் பைக்கில் சந்து சந்தாகச் சுற்றிய அண்ணன், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, உங்களுக்கு அப்படி ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

பேர் கேட்டீர்கள், ஊர் கேட்டீர்கள். அப்பாவிடம் பதில் இல்லை. சூடாகப் பால் கொடுத்து, பனிக்குத் தலையில் உங்கள் துண்டைக் கட்டிவிட்டீர்கள். குடித்ததும் எழுந்துவிட்டார். "எங்க போகணும் ஐயா?" என்றதற்கு மலையைக் காட்டி, "இது வலது கைப் பக்கமே இருக்கணும்" என்றாராம். நானாக இருந்தால் பிடித்து உட்கார வைத்திருப்பேன். நீங்கள் போலீஸ்காரரிடம் தகவல் சொல்லிவிட்டு, கடையைப் பக்கத்துப் பூக்காரம்மாவிடம் விட்டுவிட்டு அவரோடு நடந்தீர்கள். மாதத்தில் நல்ல வியாபாரம் நடக்கிற ராத்திரி அது.

ஆதி அண்ணாமலையார் கோயில் வந்ததும் அவராகவே நின்று, தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக் கும்பிட்டார் என்று நீங்கள் சொன்னபோதுதான் நான் உடைந்து அழுதேன்.

நாற்பது வருஷமாக மலையைச் சுற்றி அந்த 14 கிலோமீட்டரை நடந்தவர். இப்போது என் பெயர் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. அண்ணாமலையை 'நினைக்க முக்தி' என்பார்களே, நினைவே போய்க்கொண்டிருப்பவருக்கு அந்த மலை என்ன தரும் என்று ஆறு மாதமாக உள்ளுக்குள் ஒரு கோபம். 1896-இல் பதினாறு வயதுப் பையனாக வந்த ரமணர் 1950-இல் சமாதியாகும்வரை அதை விட்டு அகலவில்லை என்று அப்பா சொல்லும்போதெல்லாம், மலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நினைப்பேன். வீட்டு விலாசம் மறந்த மனிதரின் காலுக்கு அந்த வழி மறக்கவில்லை. அவருக்குள் எல்லாம் கலைந்த பிறகும் அது அப்படியே நிற்கிறது. நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்.

ஈசான்ய லிங்கத்தில் உங்களைக் கண்டதும் நான் அவர் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்தேன். "விடு தம்பி, கோபுரம் வந்துடும், முடிச்சிடட்டும்" என்றீர்கள். மூன்று பேருமாக ராஜகோபுரம் வரை நடந்தோம். நான் நீட்டிய பணத்தைத் தள்ளிவிட்டீர்கள்.

இனி பௌர்ணமிக்கு அவரை வீட்டில் பூட்டி வைக்க மாட்டேன். கழுத்தில் போன் நம்பர் எழுதிய அட்டையோடு, கையைப் பிடித்து நானே கூட்டி வருவேன். உங்கள் துண்டை இன்னும் இடுப்பிலிருந்து அவிழ்க்க விட மாட்டேன் என்கிறார். அதை அவர் கையாலேயே தரச் சொல்கிறேன். கொஞ்சம் பால் எடுத்து வையுங்கள் அக்கா.