ரோஜா இல்லட்டி, ராசா

சேரன்மகாதேவி,
மே 9.

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுதேன். போன்ல சொல்ல வந்தா பாதியிலயே "மீட்டிங்கும்மா"ன்னு வச்சிருத. அதான் எழுதி, கூடை மேல செருகி வச்சிருக்கேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மாமா கார் புறப்படுது. விடிஞ்சா நீ வாங்குன எலி மல்லிகாவும் அவ பெத்த நாலு பொட்டைக்குட்டியும் உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். கூடையைத் திறக்குறதுக்கு முன்னால இதைப் படிச்சிரு.

மொதல்ல என் ஆவலாதி. 31 வருசம் கிராம நர்ஸா இருந்தவ நான். கன்னடியன் கால்வாய்க் கரையில உள்ள எத்தனை வீட்டுல பேறு பாத்திருப்பேன்! என்கிட்ட ஒரு வார்த்தை, "இது ரெண்டும் பொட்டைதானாம்மா"ன்னு கேக்கத் தோணல உனக்கு. கடைக்காரன் ஏசி ரூம்ல ரெண்டு குட்டியைத் தூக்கிக் காட்டி, ரெண்டும் ஃபீமேல்னான். நீயும் மல்லிகா, ரோஜான்னு பேரு வச்ச. புனேக்கு ட்ரெயினிங் போறேன்னு மார்ச் 8-ஆம் தேதி கண்ணாடித் தொட்டியோட தார்சாவுல இறக்கிட்டுப் போயிட்ட.

நானும் அதுக பக்கம் போகல. எலின்னா அருவருப்பு, உனக்குத் தெரியும். மார்ச் 20 மத்தியானம், நல்ல வெக்கை. ரோஜா கண்ணாடியில முன்னங்காலை ஊணி நிமிந்து நின்னுச்சு. வாலுக்கு அடியில ரெண்டு விதை, தோல் உரிக்காத வேர்க்கடலை கணக்கா தொங்குது. உங்கப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தாவ. "இது ரோஜா இல்லட்டி, ராசா"ன்னாவ.

கடைக்காரன் பொய் சொன்னான்னு நான் சொல்லமாட்டேன். ஆண் எலி குளிர்ந்தாலும் சரி, பயந்தாலும் சரி, விதையை வயித்துக்குள்ள இழுத்துக்கிடும். ஏசி ரூம்ல, தெரியாத கையில கிடந்து நடுங்குற குட்டிக்கு என்னத்தைத் தெரியும்? ஒண்ணும் தெரியலன்னா பொட்டைன்னு எழுதிருதாவ, அதுதான் தப்பு. பொட்டைக்குன்னு உள்ளதைப் பாத்துத்தான் பொட்டைன்னு சொல்லணும்.

அன்னைக்கே ராசாவைப் பிரிச்சு வேற கூட்டுல போட்டேன். ஆனா காரியம் அதுக்கு முன்னாலயே முடிஞ்சிருந்துச்சு. ஏப்ரல் 9 விடியக்காலம் மல்லிகா பத்து குட்டி போட்டா. ஒண்ணு மூணாம் நாள் போயிருச்சு, பாலுக்கு முண்ட முடியாத நோஞ்சான். பிரிச்சது நல்லதாப் போச்சு. குட்டி போட்ட அன்னைக்கே மறுபடியும் சினை பிடிக்குற சாதியாம் இது. சினைக்காலமும் 21, 22 நாள்தான். ஒண்ணா விட்டிருந்தா இந்த மே மாசத்துல இன்னொரு பேறு பாத்திருப்பேன்.

எங்க சப்-சென்டர் சொவத்துல, கருவுல இருக்கது ஆணா பெண்ணான்னு பாக்கதும் சொல்லுததும் குத்தம்னு போர்டு தொங்கும். 1994-ல வந்த சட்டம். எத்தனை மாமியாக்கமாரு வெத்தலைப் பெட்டியோட வந்து "ஏளா, நீயாவது சொல்லேன்"னு கெஞ்சியிருப்பாவ. வாயைத் திறந்ததில்ல. அப்படி இருந்தவ, ரிட்டையர் ஆகி, தார்சாவுல சம்மணம் போட்டு எலிக்குட்டிக்கு ஆணா பெண்ணா பாக்கேன். எழுத்து என் தலையில அப்படி!

பாத்த விதத்தைச் சொல்லுதேன், நாளைக்கு உனக்கும் வேணும். ஆறாம் நாள் மொதல்ல பாத்தேன். மல்லிகா திங்கப் போன நேரம், கையைக் கழுவி, அதுக படுக்கைத் தாள்ல கையைத் தேய்ச்சுக்கிட்டு (தாய்க்கு வேத்து வாடை பிடிக்காதுல்லா) ஒவ்வொண்ணா சொளகுல பழைய வேட்டியை விரிச்சு அதுல போட்டேன். மூத்திரம் போற இடத்துக்கும் பின்துவாரத்துக்கும் இடையில எவ்வளவு தூரம்னு பாக்கணும். ஆணுக்கு அது பொட்டையை விட ரெண்டு பங்கு இருக்கும். ஒத்தைக் குட்டியைத் தூக்கிப் பாத்தா ஒண்ணும் புரியாது. ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் "ஓ, இதுவா"ன்னு தெரியும். பொட்டைக்கும் முன்னால சின்னதா ஒரு முனை துருத்திக்கிட்டு இருக்கும், அதைப் பாத்து ஆணுன்னு நினைச்சிராத. என் பழைய தடுப்பூசி ரெஜிஸ்தர்ல மிச்சம் கிடந்த பக்கத்துல கோடு போட்டு, ஒண்ணுலருந்து ஒன்பது வரை நம்பர் கொடுத்து எழுதுனேன். அடையாளத்துக்கு பொட்டைக வாலுல மஞ்சளைக் குழைச்சுத் தடவுனேன். கால் மணி நேரம் தாங்கல, தாய் நக்கித் துடைச்சுட்டா. அப்புறம் முதுகுல உள்ள கருப்புக் கோட்டை வச்சு ஒவ்வொண்ணுக்கும் படம் வரைஞ்சு வச்சேன். ஆறாம் நம்பருக்கு கோடு பாதியிலயே அறுந்து கிடக்கும். நாலாம் நம்பருக்கு நெத்தியில விபூதிப் பொட்டு மாதிரி வெள்ளை.

பத்தாம் நாள் பாத்ததுதான் பாத்தது. ரோமம் வெல்வெட்டு மாதிரி அப்பதான் அரும்பியிருக்கும். காலை வெயில் படுற இடத்துல, உள்ளங்கையில பைய மல்லாத்தணும். பொட்டையா இருந்தா வயித்துல ரெண்டு வரிசையா புள்ளி தெரியும், ஊசி முனையால குத்துன மாதிரி. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆறு. நெஞ்சுப் பக்கம் மூணு ஜோடி, அடிவயித்துல மூணு ஜோடி. மொத்தம் 12 காம்பு. ஆண் எலிக்கு காம்பே கிடையாது, ஆம்பளைப் பிள்ளைக்கு இருக்க மாதிரி பேருக்குக்கூட இல்ல. இது எனக்கே புதுசு. இன்னும் நாலஞ்சு நாள் போனா ரோமம் மூடிரும், அப்புறம் தேட முடியாது.

அன்னைக்குத்தான் என் தப்பும் தெரிஞ்சுது. ஆறாம் நாள் நான் பொட்டைன்னு எழுதுன ஆறாம் நம்பருக்கு வயித்துல ஒரு புள்ளிகூட இல்ல. மூக்குக் கண்ணாடியை மாத்திப் போட்டுப் பாத்தும் இல்ல. வெட்டி எழுதுனேன். நாலாம் வாரம் விதை இறங்கி, அவன் ஆணுன்னு அவனே சொல்லிட்டான். கடைசிக் கணக்கு: ஆண் அஞ்சு, பொட்டை நாலு.

இன்னையோட 30 நாள் ஆகுது. அஞ்சு வாரம் முடியுறதுக்குள்ள ஆணையும் பொட்டையையும் பிரிச்சிரணும். கூடப் பிறந்தது, தாய், தகப்பன்னு எலிக்கு முறை தெரியாது. அதான் இன்னைக்கே அனுப்புதேன். ராசாவும் அவன் மக்க அஞ்சு பேரும் இங்ஙனயே ஒண்ணா இருக்கட்டும். உன் சிநேகிதிக கேட்டாவன்னு ஆளுக்கு ஒண்ணா பங்கு வைக்காத. ஒத்தையில விட்டா ஏங்கிப்போகும். கொடுத்தா ஆணுன்னா ஆணா, பொட்டைன்னா பொட்டையா ரெண்டாக் கொடு.

தூக்கும்போது வாலைப் பிடிச்சுத் தூக்கிராத. வால் தோலு உறை மாதிரி உருவிட்டு வந்துரும். ரெண்டு கையாலயும் ஏந்து.

இனி கூடு. உன் கண்ணாடித் தொட்டியை மச்சுல ஏத்திட்டேன். அதுல காத்தோட்டம் இல்ல, மூத்திர நெடி அடியிலயே தங்குது. எலிக்கு நெஞ்சுதான் பலவீனம், லேசாத் தும்முச்சுன்னா அப்படியே சளியில கொண்டு போய் விட்டுரும். கண்ணோரம் செவப்பா கசிஞ்சு காஞ்சிருந்தா ரத்தம்னு பதறாத. அது கண்ணுலருந்து வர்ற செவப்பு நீரு, ஆனா மேலுக்கு முடியலன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட காட்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், ரசகற்பூர உருண்டை எதுவும் அந்த ரூம்ல கூடாது. மரக்கடைத் தூளும் வேண்டாம், பைன் மர வாடை ஆகாது. பேப்பரைக் கிழிச்சுப் போடு, ரெண்டு நாளைக்கு ஒருக்க மாத்து.

புதுக்கூடு கார் டிக்கியில இருக்கு, பிரிச்சு அடுக்கியிருக்கு, நட்டு போல்ட்டு தனிப் பையில. உங்கப்பா வீரவநல்லூர்ல போய் செய்யச் சொன்னது. மூணடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டரை அடி உயரம். வெல்டிங்காரர் முக்கால் இஞ்சு வலை போதும்னிருக்காரு. அவிய ஒத்துக்கல, அரை இஞ்சுதான்னு நின்னு வாங்கியிருக்காவ. குட்டி தலை நுழைஞ்சா உடம்பும் பின்னாலயே நுழைஞ்சிரும்னு அவியளுக்குத் தெரியாதா? எத்தனை பிசான நெல்லுக்காக எலியோட மல்லுக்கட்டுன மனுசன்! வலை முனையெல்லாம் கையைக் கிழிக்கும்னு ரெண்டு சாயங்காலம் உக்காந்து அரத்தால ராவுனாவ. "நெல்லுக்கு வேலி போட்ட ஊர்ல பொறந்து எலிக்கு வேலி போடுதேன், வெளிய சொல்லிராத"ங்காவ.

கூட்டுக்குள்ள காருகுறிச்சிப் பானை ஒண்ணு, வாய் உடைஞ்சது, படுக்கப் போட்டு வை. வரப்பு வளை கணக்கா இருட்டா, குளிர்ச்சியா இருக்கும், அஞ்சும் அதுக்குள்ளயே ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும். கம்பித் தரையில நடந்தா பாதம் புண்ணாகும், அதனால பத்தமடைப் பாய்க் கிழிசல் ரெண்டு வச்சிருக்கேன். ஒரு வாரத்துல கடிச்சுத் துப்பிரும், துப்பட்டும். பல்லு வளர்ந்துகிட்டே இருக்க சென்மம், எதையாவது கடிக்கணும். உன் சார்ஜர் ஒயரை மட்டும் தள்ளி வை.

பால்கனியில வச்சிராத, அக்கினி நட்சத்திரம் நடக்கு. எலிக்கு நமக்கு மாதிரி வேர்க்காது. வால் வழியாத்தான் சூட்டை வெளிய தள்ளும். 30 டிகிரிக்கு மேல போனாலே இளைக்க ஆரம்பிச்சிரும். பிரிட்ஜ்ல உறைய வச்ச தண்ணி பாட்டிலைத் துண்டுல சுத்திக் கூட்டுக்குள்ள படுக்க வை. மேசைக் கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்து. இங்க ஒரு ராத்திரி செவ்வெறும்பு ஏறிருச்சு. மல்லிகா குட்டியளை வாயில கவ்விக்கிட்டு மூலைக்கு மூலை ஓடுனா. நானும் உங்கப்பாவும் டார்ச் அடிச்சு ஒண்ணொண்ணா எறும்பு பொறுக்குனோம், மணி ரெண்டு.

உங்க பிளாட்டுல எலி மருந்து வைப்பாவளான்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டு வச்சுக்கோ. எலிக்கு வாந்தி வராது, தின்னா தின்னதுதான். இங்க வயலுக்கு வாங்கி வச்சிருந்த மருந்தை உங்கப்பா வீட்டுலருந்தே வெளியேத்திட்டாவ. வெளி எலி இந்தக் கூட்டுப் பக்கம் வரக்கூடாது, எலிக்காய்ச்சல் மூத்திரம் வழியாத்தான் பரவும். நீயும் கூட்டைத் துடைச்சா சோப்புப் போட்டுக் கை கழுவு. கையில காயம் இருந்தா உறை போட்டுக்கோ.

கார்ல தண்ணி வைக்கல, சிந்திரும். வெள்ளரிக்காய்த் துண்டு போட்டிருக்கேன்.

இன்னொண்ணு. அந்த விபூதிப் பொட்டு வச்ச நாலாம் நம்பர் உங்கப்பா செல்லம். மூணு நாளா, "எனக்கென்னமோ இது ஆணுன்னுதான் படுது, நல்லாப் பாரேன்"னு என்னைப் போட்டு அரிக்காவ. ஆணுன்னா இங்ஙனயே இருந்துக்கிடும்லா! ஆறாம் நம்பர்ல நான் தப்பு விட்டதைச் சொல்லிக் காட்டுதாவ. நேத்து மறுபடியும் ரெஜிஸ்தரை எடுத்துக் காட்டுனேன், 12 புள்ளி போட்டு நானே எழுதுன பக்கம். ஒண்ணும் பேசல. இப்பவும் கூடைப் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்காவ.

மாமா கையிலருந்து கூடையை வாங்குன உடனே எண்ணிப் பாரு. அஞ்சு இருக்கணும்.

அம்மா