பாப்பாவுக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலையில் காவிரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். போனில் பேசினால் நீ "சரிம்மா, பார்க்கிறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு தடவை முழுசாகப் படி.

நீ பழைய எஸ்யூவி ஒன்று பார்த்து வைத்திருக்கிறாய் என்று தம்பி சொன்னான். அவனிடம் சொல்லிவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்ததில் எனக்கு வருத்தம்தான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மோட்டார் கிளைம் பார்த்தே தலை நரைத்தவள் நான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, போகட்டும். 2021 ஹூண்டாய் கிரெட்டா, டீசல், ஆட்டோமேட்டிக், சன்ரூஃப் உண்டு, 45,000 கிலோமீட்டர் ஓடியது, ரெண்டு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி தருகிறார்கள். இவ்வளவுதான் அவன் சொன்னது. இருக்கிற சின்ன வண்டியைக் கொடுத்துவிடப் போகிறீர்களா என்று கேட்டேன், தெரியாது என்றான். மாப்பிள்ளையும் வந்து பார்த்தாரா என்று கேட்டேன். அதற்கு அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

வாரண்டியை முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பேச்சில்தான் விலை ஏறும். வண்டி செய்த கம்பெனியே கொடுப்பது வேறு, பழைய வண்டி விற்பவர் கொடுப்பது வேறு. கிரெட்டாவுக்குக் கம்பெனி கொடுத்தது பெரும்பாலும் 3 வருஷம். 2021 வண்டிக்கு அது 2024-லேயே முடிந்துபோயிருக்கும். அது முடிவதற்குள் முதல் ஓனர் கூடுதல் பணம் கட்டி நீட்டித்திருந்தால் மீதி கொஞ்சம் இருக்கலாம். சேஸிஸ் நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேள், அது உண்மையில் இருக்கிறதா, உன் பெயருக்கு மாறுமா என்று அங்கே தெரிந்துவிடும். உனக்குத் தருகிறேன் என்பது அநேகமாக இந்த வகை இல்லை. விற்பவர் வேறொரு வாரண்டி கம்பெனியிடம் வாங்கிக் கொடுப்பதாகத்தான் இருக்கும். "எல்லாமே கவர் ஆகும் மேடம்" என்ற பேச்சை நம்பி, தாளைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

தாள் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து படி. என்னென்ன கிடையாது என்பதை அங்கேதான் போட்டிருப்பார்கள். டயர், பிரேக் பேடு, வைப்பர், பல்பு இவையெல்லாம் பொதுவாக எந்த வாரண்டியிலும் வராது, அது நியாயம்தான். டர்போ, இன்ஜெக்டர், சென்சார், ஏசி கம்ப்ரசர், நடுவில் இருக்கிற அந்தத் திரை இவையெல்லாம் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார். பெரிய செலவு வைப்பது அவைதான். சில தாளில் "கீழ்க்கண்ட பாகங்களுக்கு மட்டும்" என்று இருக்கும். அப்படியானால் பட்டியலில் இல்லாத எதற்கும் பைசா வராது. சிலதில் "கீழ்க்கண்டவை நீங்கலாக" என்று இருக்கும். அதுதான் உனக்கு நல்லது. ஒரு தடவைக்கு எவ்வளவு வரை தருவார்கள், மொத்தத்தில் எவ்வளவு, லேபர் சார்ஜ் சேர்த்தா, முதலில் நீ கட்டிவிட்டு அப்புறம் வாங்க வேண்டுமா, பெங்களூரில் எந்த ஒர்க்‌ஷாப், சேலம் தாண்டி வண்டி நின்றுபோனால் யார் தூக்கிக்கொண்டு போவார்கள், எல்லாவற்றையும் மெயிலில் கேள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். சர்வீஸ் ஒரு தடவை தள்ளிப்போனாலும், வெளியே ஹாரன் லைட் மாட்ட ஒயரை வெட்டியிருந்தாலும் அதையே காரணம் காட்டி மறுக்கலாம். தேய்மானம் என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் வாதாட முடியாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் தாளை நீட்டிக்கொண்டு நின்ற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள். பின்பக்கத்தை யாருமே படித்திருக்க மாட்டார்கள்.

என் யோசனையைச் சொல்கிறேன். கம்பெனி வாரண்டி மீதி இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். விற்பவர் தருவதற்குத் தனியாகப் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, விலையில் குறைக்கச் சொல். அந்தப் பணத்தை ரிப்பேருக்கென்று வங்கியில் போட்டு வை. உன் பெயரில் மட்டும் போட்டு வை.

அப்புறம் வசதிகள். சன்ரூஃபைப் பார்த்து மயங்காதே. அதன் நாலு மூலையிலும் தண்ணீர் வடிய மெல்லிய குழாய் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்கூரைத் துணி வழியாக இறங்கும். ஓரங்களில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார். நீ கேட்க வேண்டியது ஏர்பேக் எத்தனை என்று. 2021 கிரெட்டாவில் உச்ச மாடலில்தான் ஆறு, மற்றதில் எல்லாம் முன்னால் ரெண்டு மட்டும். எல்லா மாடலிலும் ஆறு வந்தது 2023-ல். அந்த ரெண்டு ஏர்பேக் வண்டியை 2022-ல், வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது ஐந்துக்கு மூன்று ஸ்டார்தான் கிடைத்தது. டாடா நெக்ஸான் 2018-லேயே ஐந்து வாங்கிவிட்டது. அளவில் சின்னது என்று ஒதுக்காதே, அதையும் ஒரு தடவை ஓட்டிப் பார். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே என் பெண் தனியாக வருகிறாள் என்றால் எனக்குச் சன்ரூஃப் முக்கியமில்லை. ராத்திரியில் அந்தப் பக்கம் வராதே. வந்தே ஆக வேண்டுமென்றால் தர்மபுரியில் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பு.

டீசல் எதற்கு என்றும் யோசி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புது புகை விதிப்படி செய்த) டீசலில் புகையை வடிகட்ட டிபிஎஃப் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நின்று நின்று ஊர்ந்தே போனால் அதில் கரி சேர்ந்து விளக்கு எரியும். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். மாதம் ஒரு தடவை நீ திருச்சி வந்து போவதாக இருந்தால் டீசல் வாங்கு. பெங்களூருக்குள்ளேயே சுற்றுவதாக இருந்தால் பெட்ரோல் போதும். இதற்கு நீ என்ன பதில் சொல்கிறாய் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை நீயே பார்க்கலாம், மெக்கானிக் வேண்டாம். 2015-ல் சென்னையில் எத்தனை வண்டி மூழ்கியது என்று உனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் எங்கள் ஆபீஸில் மேஜை தெரியாத அளவுக்கு ஃபைல். 2022 செப்டம்பரில் உங்கள் பெல்லந்தூர், எமலூர் பக்கமே படகு விட்டார்கள். மொத்த நஷ்டம் என்று எழுதிய வண்டி ஏலத்தில் போய், கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பனைக்கு வந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். யாரும் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவ மாட்டார்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் நேர்கோடு போட்டது போல மண் நிறம் தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. சீட்டுக்கு அடியில் அது முன்னும் பின்னும் நகர்கிற கம்பியின் போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பார். இன்னொன்று, மழைத்தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. அப்படிச் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் கிடைக்காது, இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

45,000 என்று மீட்டர் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு எத்தனையாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். நாலு டயரும் எப்போதோ மாறியிருந்தால் ஏன் என்று கேள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று சர்வீஸ் சென்டரில் பதிவு இருக்கும். பழைய பாலிசியையும் கேட்டு வாங்கு. அதில் நோ கிளைம் போனஸ் என்ற வரியைப் பார். கிளைம் வாங்காத வண்டிக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற அந்தத் தள்ளுபடி வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே ஓனர் வைத்திருந்த 2021 வண்டியில் அது சைபராக இருந்தால் அநேகமாகப் போன வருஷம் கிளைம் வாங்கியிருக்கிறார்கள். எதற்கு என்று கேள். "சின்னக் கீறல்" என்பார்கள், பில்லைக் காட்டச் சொல். அந்த போனஸ் விற்பவருக்குச் சொந்தம், உனக்கு வராது. வண்டியின் உரிமை உனக்கு மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்று, போனஸ் வித்தியாசத்தைக் கட்டிவிடு. இதை விட்டுவிட்டுப் பின்னால் கிளைமுக்கு வந்து ஏமாந்தவர்கள் நிறைய.

பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கிக் கடன் ஏறியிருந்தால், கடன் பதிவை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் இல்லாமல் முழுப்பணம் கொடுக்காதே. இதெல்லாம் உனக்கே தெரியும். ஹாஸ்டலில் வார்டன் நீட்டிய தாளையே படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நின்றவள் நீ. அப்போது உன்னைத் திட்டினார்கள், எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

யார் பெயரில் வாங்கப் போகிறாய்? உன் பெயரிலேயே வாங்கு. பாலிசியில் ஓனர் கம் டிரைவருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது, அது ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்குத்தான். ஓட்டுவது நீயும் பெயர் வேறொருவருடையதும் என்றால் உனக்கு அது கிடையாது. நாமினி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யாரை எழுதுகிறாய் என்று நான் கேட்கவில்லை. காலியாக மட்டும் விடாதே.

எந்த ஊர்ப் பதிவு வாங்குவது என்பதையும் முதலிலேயே முடிவு செய். அங்கேயே இருப்பதாக இருந்தால் கே.ஏ. (கர்நாடகப் பதிவு) வண்டிதான் சரி. இந்தப் பக்கம் வந்துவிடும் எண்ணம் இருந்தால், கே.ஏ. வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கும்போது பதிவை மாற்ற வேண்டும். அங்கே தடையில்லாச் சான்று, இங்கே மறுபடி ஆயுள் வரி, அங்கே கட்டியதில் மீதியைத் திரும்ப வாங்க ஒரு அலைச்சல். பெரிய தொகை அது. இங்கே வருகிற யோசனை இருந்தால் டி.என். வண்டியாக நானும் அப்பாவும் தில்லைநகர்ப் பக்கம் விசாரிக்கிறோம். எந்த ஊர் என்று மட்டும் சொல், காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்.

பொங்கலுக்கு நீ மட்டும் பஸ்ஸில் வந்தாய். அவருக்கு லீவு இல்லை என்றாய். சித்திரைக்கு நீயும் வரவில்லை. ஸ்ரீரங்கத்து அத்தை கேட்டபோது வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். அத்தை பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், அதை நினைத்து நீ எதையும் தள்ளிப்போடாதே.

பணத்துக்காக வளையலை வைத்துவிடாதே. மண்ணச்சநல்லூர் பணத்தில் உன் பங்கு டெபாசிட்டில் அப்படியே இருக்கிறது. இது உன் அப்பா அன்றைக்கே எழுதி வைத்தது, தம்பிக்கும் தெரியும். கடன் வாங்குவதாக இருந்தாலும் தனியாக உன் சம்பளத்துக்கு வருகிற அளவு மட்டும் வாங்கு. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி குறைந்ததில் புது வண்டி விலையே இறங்கியிருக்கிறது. பழைய வண்டிக்காரர் பழைய கணக்கிலேயே விலை சொல்கிறாரா என்று பார். தனியாகப் போகாதே. சனிக்கிழமை தம்பி அங்கே வருகிறான், கூட்டிக்கொண்டு போ. இன்ஜின் ஆறியிருக்கும்போது காலையிலேயே போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடு.

அப்பா நேற்று டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசல் கேட்டை அளந்தார். எட்டடி இருக்கிறது. வண்டியின் அகலம் 1,790 மில்லிமீட்டராம், ஆறடிகூட இல்லை, தாராளமாக வரும் என்கிறார். வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையை மட்டும் வெட்டச் சொல்லியிருக்கிறார். மாடி அறைக்குப் புது ஃபேன் போட்டாயிற்று. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பழைய பாலிசியையும் வாரண்டித் தாளின் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.