சிங்க முத்திரை இருந்தா அரண்மனை சாமான் ஆயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய பீங்கான் சேகரிக்கிறவங்களைப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் அருமை, இந்த மாதிரி விஷயத்துக்கு இடம் குடுக்குறதே பெருசு. ஆனா அதுல ஒரு வெள்ளை டீ பாட், வயித்துல செம்பு கலர்ல மூணு இலைக் கொத்து, விளிம்புல அதே கலர்ல ஒரு கோடு, அதுக்குக் கீழ விக்டோரியா மகாராணி அரண்மனைல புழங்கின வகைன்னு எழுதிட்டாங்க. என்ன ஆதாரம்னு பாத்தா அடியில சிங்கமும் ஒத்தக்கொம்பு குதிரையும் இருக்காம்! இதை அப்படியே விட்டா நாளைக்கு யாராவது நம்பி பத்து மடங்கு காசு குடுப்பாங்க, அதான் எழுதுறேன். நான் இருக்கறது அமெரிக்காவுல ஒஹாயோ, இந்த சாமான் பண்ணை வீட்டு ஏலத்துல எல்லாம் கொட்டிக் கிடக்கும், ரொம்ப வருஷமா இதே பைத்தியம்தான் எனக்கு.

அந்த டிசைனுக்கு இப்ப டீ லீஃப்னு பேரு. பாத்திரம் அயர்ன்ஸ்டோன் சைனா, கெட்டியான கனமான பீங்கான். 1813ல சார்லஸ் ஜேம்ஸ் மேசன்னு ஒருத்தர் அயர்ன்ஸ்டோன்னு பேர் வச்சு பேடன்ட் வாங்கினாரு, அது 14 வருஷத்துல முடிஞ்சதும் இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் இருந்த குயவர்கள் ஆளாளுக்கு அந்தப் பேரை எடுத்துக்கிட்டாங்க. 1840கள்ல இருந்து வெள்ளை அயர்ன்ஸ்டோனை வண்டி வண்டியா செஞ்சு, கால்வாய் வழியா லிவர்பூல் கொண்டு போய், அங்கேர்ந்து கப்பல்ல அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. வாங்கினது யாருன்னு நினைக்கிறீங்க, ராஜாவும் இல்ல பிரபுவும் இல்ல, பண்ணைக்காரங்க! அறுவடை முடிஞ்சு கதிரடிக்க வர்ற ஆளுங்க கூட்டத்துக்கு சோறு போடுற தட்டு, அதனாலயே இதை கதிரடிக்கிறவன் பீங்கான்னு இங்க சொல்லுவாங்க. சும்மா வெள்ளையா இருந்தா சப்புன்னு இருக்கே, கொஞ்சம் மினுக்கா இருக்கட்டும்னு வந்ததுதான் இந்த லஸ்டர் இலை, லஸ்டர்னா உலோகம் மாதிரி மின்னுற மெல்லிசான பூச்சு.

மாடலுக்கு வச்ச பேரைப் பாத்தாலே எந்த ஊர் கஸ்டமரை மனசுல வச்சு செஞ்சாங்கன்னு தெரிஞ்சிடும். ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர் ஊர்ல ஒண்ணான காப்ரிட்ஜ்ல எட்வர்ட் வாலி 1856ல பதிவு பண்ண மாடல் பேரு நயாகரா. அதே பக்கத்து டன்ஸ்டால்ல எல்ஸ்மோர் அண்ட் ஃபார்ஸ்டர் கம்பெனி 1859ல செரஸ்னு ஒண்ணு கொண்டாந்தாங்க, அது ரோமானியங்களோட தானிய தெய்வத்தோட பேரு, உடம்பெல்லாம் கோதுமைக் கதிர், கோதுமை விளையுற ஊருக்குன்னே செஞ்ச மாதிரி. டீ லீஃபை முதல்ல போட்டவர்னு சேகரிக்கிறவங்க சொல்றது பர்ஸ்லெம் ஊர் ஆண்டனி ஷாவை. அப்புறம் ஆல்ஃப்ரட் மீக்கின், ஃபர்னிவல், மெல்லர் டெய்லர்னு ஒரு பட்டாளமே இதைப் போட்டுச்சு. ஆல்ஃப்ரட் மீக்கினோடது சந்தைல நிறைய கிடைக்கும், விலையும் கைக்கு அடக்கமா இருக்கும், ஆனா எனக்கு ஷாவோட இலைதான் பிடிக்கும், பிரஷ் போன போக்கே வேற.

இப்ப அந்த சிங்கத்துக்கு வர்றேன். அது இங்கிலாந்து அரசு சின்னம், அன்னிக்கு எந்தக் கம்பெனி வேணும்னாலும் அடியில குத்திக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க, இங்கிலீஷ் சாமான்னு காட்டுறதுக்கான விளம்பரம் அவ்ளோதான். வேடிக்கை என்னன்னா அமெரிக்காவுலயே ட்ரென்டன், ஈஸ்ட் லிவர்பூல் ஊர்க் குயவர்களும் அதே சிங்கத்தையும் குதிரையையும் குத்தி வித்தாங்க, உள்ளூர் சரக்குன்னா வாங்க மாட்டேங்கிறாங்களேன்னு! ஈஸ்ட் லிவர்பூல் ஹோமர் லாஃப்லின் கம்பெனி மட்டும் ரோஷத்தோட, அமெரிக்கக் கழுகு அந்த இங்கிலீஷ் சிங்கத்தைக் கீழ தள்ளி மேல ஏறி நிக்கிற மாதிரி முத்திரை போட்டாங்க, சிரிப்பா வரும் பாத்தா. அதனால சிங்கத்தை விட்டுட்டு அதுக்குக் கீழ இருக்கற பேரைப் படிக்கணும். நீங்க டீ பாட்டோட மூஞ்சியை மட்டும் பெருசா போட்டிருக்கீங்க, முடிஞ்சா அடி பாகத்தையும் படமெடுத்துப் போடுங்க சார், நாலு பேருக்குப் புரியும்.

கட்டுரைல வெட்ஜ்வுட்னு ஒரு தட்டைப் பத்தியும் பெருமையா இருந்துச்சு. டீ லீஃப்ல வர்ற முத்திரை பெரும்பாலும் வெட்ஜ்வுட் அண்ட் கோ, அது டன்ஸ்டால்ல ஈனாக் வெட்ஜ்வுட் நடத்தின வேற கம்பெனி. உலகப்புகழ் ஜோசையா வெட்ஜ்வுட் கம்பெனி பின்னாடி அண்ட் கோ போடுறது இல்ல. ஒரு சின்ன அண்ட் கோவை கவனிக்காம விட்டா விலை எங்கயோ போயிடுது, சில வியாபாரிங்க வேணும்னே அதை வாயில சொல்ல மாட்டாங்க.

வருஷம் கண்டுபிடிக்கவும் அடிதான். டைமண்ட் மாதிரி ஒரு கட்டம் இருந்து உச்சியில வட்டத்துக்குள்ள ரோமன் நாலு இருந்தா 1842லேர்ந்து 1883க்குள்ள பதிவான மாடல், நாலுன்னா பீங்கான் வகை. 1884க்கு மேல கட்டம் போயி ஆர்டின்னு (ரிஜிஸ்டர்ட், அதாவது பதிவானதுங்கிறதோட சுருக்கம்) போட்டு ஒரு நம்பர் வரும். இது மாடல் பதிவான தேதி, அந்தத் தட்டு சூளைல வெந்த தேதி இல்ல, அதையும் ஞாபகம் வச்சுக்கணும். அப்புறம் இங்கிலாந்துன்னு நாட்டுப் பேர் இருந்தா பொதுவா 1891க்கு அப்புறம், ஏன்னா 1890ல அமெரிக்கா போட்ட மெக்கின்லி வரிச்சட்டத்துல எந்த நாட்டு சாமான்னு எழுதியே ஆகணும்னு வந்துடுச்சு.

இலையை ஒரு பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. கையால இழுத்தது, ஒரே செட்டுல நாலு சாசர் எடுத்தா நாலு இலையும் நாலு மாதிரி, ஒண்ணுல காம்பு வளைஞ்சிருக்கும், ஒண்ணுல பிரஷ் காஞ்சு முனை கீறலா நிக்கும். இதை வரைஞ்சது பெரும்பாலும் பொம்பளைங்களும் சின்னப் பொண்ணுங்களும், முத்திரைல முதலாளி பேர்தான் இருக்கு. செம்பு மாதிரி மின்னுது ஆனா ஸ்டாஃபோர்ட்ஷயர் காப்பர் லஸ்டர்னாலே உள்ள இருக்கறது தங்கம், தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகம்ங்கிற அமிலக் கலவைல அதைக் கரைச்சு எண்ணெய் பதத்துல கலந்து, ஏற்கனவே வெந்து கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சு, போட்ட பாத்திரத்து மேல தடவி, கம்மியான சூட்டுல மறுபடி சுடுவாங்க. வெள்ளி லஸ்டர்ல கூட வெள்ளி இல்ல, பிளாட்டினம், வெள்ளி போட்டா கறுத்துடுமே.

இந்தப் படலம் கிளேஸுக்கு மேல ஒட்டிக்கிட்டு நிக்கிறதாலதான் டிஷ்வாஷர்ல போட்டாலோ ஸ்க்ரப்பரால தேய்ச்சாலோ இலை காணாம போகுது. பழுப்புக் கறை இருந்தா ப்ளீச்சிங் ஊத்தாதீங்க, கிளேஸ் பொரிஞ்சு போயிடும். இன்னொண்ணு, சிகாகோவுல ரெட் கிளிஃப்னு ஒரு கம்பெனி 1950கள்லேர்ந்து இதே டிசைன்ல புதுசா செஞ்சு வித்துச்சு, அவங்க பேரை ஒழுங்காத்தான் போட்டாங்க, ஆனா இப்ப அதையும் விக்டோரியா காலத்துதுன்னு விக்கிறவங்க இருக்காங்க, பேரைப் பாத்து வாங்குங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
கொலம்பஸ், ஒஹாயோ