டானா ஆத்து சல்மனைப் பற்றியும் எழுதுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நான் 87ல நோர்வேக்கு வந்து வடக்க ஃபின்மார்க்கில மீன் பக்டரியில வேலை செய்தனான், எங்கட ஆக்கள் கனபேர் அப்ப அங்கதான். பக்கத்து வீட்டில இருந்த, சாமி எண்ட வடபகுதிப் பூர்வகுடி இன ஐயா ஒருத்தர்தான் என்னை முதல் முதல் நோர்வே-பின்லாந்து எல்லையில ஓடுற டானா ஆத்துக்கு கூட்டிக்கொண்டு போனவர். மே கடைசியில ஐஸ் உடைஞ்சு கட்டி கட்டியா அள்ளுப்பட்டுப் போகும், தண்ணி கலங்கி ஏறி நிக்கும், கை விறைச்சுப் போகும், ஆனா அந்த நேரத்திலதான் கடல்ல ரெண்டு மூண்டு வருசம் கிடந்து கொழுத்த பெரிய சல்மன் முட்டை போட ஆத்தில ஏறத் தொடங்கும், சின்னனுகள் பிறகுதான். முந்தி ஒருக்கா 36 கிலோ சல்மன் ஒண்டு தூண்டில்ல பிடிபட்ட ஆறு அது.

சல்மன் குறைஞ்சு போனதால 2021ல நோர்வே பக்கமும் பின்லாந்து பக்கமும் அங்க சல்மன் பிடிக்கத் தடை போட்டவை. 2024 ஜூனில நோர்வேயில வேற 33 ஆறையும் சீசன் நடுவில மூடினவை. முதல் ஏறுற பெருசுகள் கூடுதலா பொம்பிளை மீன், வயிறு நிறைய சினை, அதுகளை விட்டாத்தான் ஆறு தப்பும், அதால தடை சரி எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா சாமி ஆக்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லையே, வலை கட்டுறதும் ஓடம் விடுறதும் ஒவ்வொரு மடுவுக்கும் அவையின்ர பாசையில இருக்கிற பேரும் பிள்ளைகளுக்கு எப்பிடிப் போய்ச் சேரும்? இதுக்குள்ள ரஷ்யர் முந்தி வெள்ளைக் கடல் பக்கம் கொண்டுவந்து விட்ட பசிபிக் கூன் சல்மன் வேற ஒற்றைப்படை வருசங்களில கூட்டமா ஏறுது.

அந்த ஐயா இப்ப இல்ல. மகன் ஓடத்தை கரையில கவிட்டு வச்சிருக்கிறார். உங்கட பேப்பரில இதுக்கு ஒரு அரைப் பக்கமாவது குடுங்கோ.

இப்படிக்கு,
ஒரு பழைய ஃபின்மார்க் வாசகர்