சிரித்த பையன்

அன்புள்ள மகளுக்கு,

"வார்டில் யார் அழுதாலும் இப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆவதில்லை அம்மா, பழகிவிட்டது" என்று நேற்று போனில் சொன்னாய். பெருமையாகச் சொன்னாயா, பயந்து சொன்னாயா? குரலை வைத்துப் பிடிபடவில்லை. நேரில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு அருகதை உண்டா என்பது வேறு விஷயம்.

ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், வீட்டுப்பாடம் எழுதாத ஒரு பையனைத் திட்டினேன். சிரித்தான். திமிர் என்று முடிவுகட்டி வெளியே நிறுத்தினேன். மறுநாளும் திட்டினேன், மறுநாளும் சிரித்தான். மூன்றாம் நாள்தான் மேசைக்கடியில் அவன் விரல்கள் நடுங்குவது கண்ணில் பட்டது. பயம் வந்தால் அவனுக்குச் சிரிப்பு வருமாம். மன்னிப்புக் கேட்டாயா என்பாய். இல்லை. "உள்ளே வந்து உட்கார்" என்றேன், அவ்வளவுதான். அதற்குமேல் துணிச்சல் வரவில்லை.

உணர்வுசார் நுண்ணறிவு, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறன் என்று உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தார்களே, அந்தக் கருத்தை 1990-ல் முன்வைத்தவர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற உளவியலாளர்கள். பிறகு 1997-ல் அதை நான்கு திறன்களாக வகுத்தார்கள். உணர்வைக் கண்டுகொள்வது முதலில், கையாள்வது கடைசியில். உங்களுக்கோ கடைசிப் பாடம் மட்டும்தான் நடந்திருக்கிறது போலும்: சிரித்த முகமாக இரு, கண்ணீரைக் காட்டாதே. அதையும் பாதிதான் நடத்தியிருக்கிறார்கள். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1993-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அருவருப்பூட்டும் படத்தைப் போட்டு, முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று சிலரிடம் சொன்னார்கள். முகம் அடங்கியது; அருவருப்பு குறையவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. முன்பெல்லாம் "அந்தப் பாட்டி", "கால் உடைந்த தம்பி" என்றுதான் பேசுவாய். நேற்று முழுக்க "ஏழாம் நம்பர்", "பன்னிரண்டாம் நம்பர்". பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதில் மூன்று கூறுகளைச் சொல்கிறார்: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் போவது, எதைச் செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. நீ 'பழகிவிட்டது' என்று சொல்வது முதல் இரண்டில் ஒன்றோ என்று சந்தேகப்படுகிறேன். அந்தப் பையனின் சிரிப்புக்கு நான் வைத்த பெயரைப்போல, உன் களைப்புக்கு நீ தப்பான பெயர் வைத்திருக்கலாம்.

இதற்காக வேலையை விடச் சொல்லமாட்டேன். ஆள் பற்றாக்குறையில் இரட்டை ஷிப்ட் பார்ப்பவளிடம் மூச்சுப்பயிற்சி செய் என்று சொல்வதும் எனக்குப் பிடிக்காது. முதலில் விடுப்பு கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சத்தையாவது உன் சீனியர் அக்காவிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ஏழாம் படுக்கையில் இருப்பவர் யார், எப்படி இருக்கிறார் என்று சொல். நான் மறுபடியும் தப்பாகப் படித்திருந்தால் நன்றாகத் திட்டு, சிரிக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா